உரிமையும் உரிமமும்: ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துவதற்கு முன் எதைப் படிப்பது?

தமிழில் உரிமை, உரிமம் என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுதும்போது வால் மட்டும்தான் மாறுகிறது. ஒரு வீடு உங்களுக்கு உரிமையானது என்றால் சுவரை இடிக்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். வண்டி ஓட்டுவதற்கு உங்களிடம் இருப்பதோ உரிமம். யாரோ நிபந்தனைகளோடு தந்த அனுமதி அது. நிபந்தனையை மீறினால் பறித்துக்கொள்வார்கள். அண்ணனுடைய ஓட்டுநர் உரிமத்தைத் தம்பி காட்ட முடியாது.

“காசு கொடுத்து மென்பொருள் வாங்கினேன்” என்று சொல்லும்போது நம் மனதில் இருப்பது முதல் சொல். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய பக்கத்தில் எழுதியிருப்பது இரண்டாவது சொல். இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், நீளமான அந்த ஒப்பந்தங்களைப் படிப்பது நாம் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. நான் வழக்கறிஞர் இல்லை. மென்பொருளோடு நெடுநாள் புழங்கி, சில இடங்களில் அடிபட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டவன். புதிதாகத் தொடங்குபவருக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஏன் விற்காமல் அனுமதி மட்டும் தருகிறார்கள்?

கணினியின் தொடக்க காலத்தில் மென்பொருளுக்குத் தனி விலை பெரும்பாலும் கிடையாது. இயந்திரத்தோடு சேர்ந்து வந்தது. 1969இல் ஐபிஎம் நிறுவனம் இரண்டையும் பிரித்து விலை வைக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்கானதும் ஒரு கேள்வி பெரிதாக எழுந்தது: ஒரு பிரதியை வாங்கியவர் நூறு பிரதி எடுத்தால் என்ன செய்வது? 1980இல் அமெரிக்கா தன் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல்களை வெளிப்படையாகச் சேர்த்தது.

புத்தகத்துக்கும் மென்பொருளுக்கும் இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. புத்தகத்தைப் படிக்க நீங்கள் நகல் எடுக்க வேண்டியதில்லை. மென்பொருளை ஓட்டுவதற்கே வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஒரு நகல் போயாக வேண்டும். நகலெடுப்பதைக் கட்டுப்படுத்துவதுதான் பதிப்புரிமை. பிரதியின் உடைமையாளராக இருப்பவருக்கு, ஓட்டுவதற்குத் தேவையான நகலை எடுக்க அமெரிக்கச் சட்டமே விலக்குத் தருகிறது. வாங்கிய பிரதியை மறுபடி விற்கவும் விடுகிறது. உடைமையாளர் என்ற இடத்தை உங்களுக்குத் தராமல் இருப்பதற்காகத்தான் பல ஒப்பந்தங்கள் எடுத்த எடுப்பிலேயே “இந்த மென்பொருள் விற்கப்படவில்லை, உரிமம் தரப்படுகிறது” என்று சொல்லிவிடுகின்றன. அந்த ஒரு வரியின் எடை பெரிது.

எவ்வளவு பெரிது என்பதற்கு இரண்டு வழக்குகள். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பழைய பிரதிகளை ஒருவர் இணைய ஏலத்தில் விற்றார். 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, முதலில் வாங்கிய நிறுவனமே உடைமையாளர் இல்லை, உரிமம் பெற்றவர் மட்டுமே, ஆகவே அடுத்தவருக்கு விற்கவும் முடியாது என்றது. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஏறத்தாழ இதே கேள்வி ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருள் தொடர்பாகப் போனது. காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையை ஒரு தொகைக்குத் தந்துவிட்டால் அது விற்பனைதான், இணையத்தில் இறக்கியதாக இருந்தாலும் மறுபடி விற்கலாம் என்று தீர்ப்பு வந்தது. ஒரே கேள்வி, இரண்டு கண்டங்கள், இரண்டு விடைகள். நீங்கள் வாழும் நாட்டின் சட்டமும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டம் எனக்குப் பிடித்தது. விளையாட்டு, திரைப்படம், மின்னூல் போன்றவற்றுக்கு உரிமம் மட்டும் தந்துவிட்டு ‘வாங்கு’ என்று பொத்தான் வைப்பதானால், இது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் நம்மை எவ்வளவு காலம் ஏமாற்றியிருக்கிறது என்பதைச் சட்டமன்றமே ஒப்புக்கொண்டது போல இருந்தது.

எந்தத் தாள் எதற்கு

நம் முன்னால் வரும் ஆவணங்கள் பெரும்பாலும் மூன்று. உங்கள் கருவியில் நிறுவும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்வது இறுதிப் பயனர் உரிம ஒப்பந்தம். ஆங்கில எழுத்துச் சுருக்கமாக ‘யூலா’ என்பார்கள். அவர்களுடைய சர்வரில் கணக்குத் தொடங்கிப் பயன்படுத்துவதற்கானது சேவை விதிமுறைகள். உங்கள் தகவல்களை என்ன செய்வார்கள் என்பது தனியுரிமைக் கொள்கை. இன்றைய செயலிகளில் மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டும். “இந்த ஒப்பந்தத்தில் எங்கள் பிற கொள்கைகளும் அடங்கும்” என்ற வரி வந்தால், இணைப்பாகச் சுட்டப்பட்ட அத்தனை பக்கங்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் தலையாட்டுகிறீர்கள்.

“படிக்கவே இல்லையே, அது என்னைக் கட்டுப்படுத்துமா?” என்று கேட்பவர்கள் அதிகம். பொதுவாகக் கட்டுப்படுத்தும். சட்டம் பார்ப்பது நீங்கள் படித்தீர்களா என்பதை அல்ல, படிக்க உங்களுக்கு நியாயமான வாய்ப்பு இருந்ததா, ஒப்புதலைக் காட்டும் செயல் ஒன்றைச் செய்தீர்களா என்பதைத்தான். 1996இல் புரோசிடி என்ற நிறுவனத்தின் வழக்கில், பெட்டியைப் பிரித்த பிறகே பார்க்க முடிகிற உரிம ஒப்பந்தமும் செல்லும் என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் வழி இருந்தது என்பது அதற்கு ஒரு காரணம். 2002இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தின் வழக்கில் விடை மாறியது. பதிவிறக்கு பொத்தான் மேலே இருந்தது. ஒப்பந்தத்துக்கான இணைப்போ திரையைக் கீழே நகர்த்தினால்தான் தெரியும். கண்ணில் படாததற்கு ஒப்புதல் தந்ததாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் உங்களையே டிக் செய்ய வைப்பதற்குப் பின்னால் இந்த மாதிரித் தீர்ப்புகளின் அனுபவம் இருக்கிறது.

எல்லாவற்றையும் படிக்க முடியுமா?

முடியாது. இதில் குற்ற உணர்வு வேண்டாம். ஒரு அமெரிக்கர் ஓராண்டில் போகும் இணையதளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை மட்டும் முழுமையாகப் படித்தால் ஏறத்தாழ 200 மணி நேரம் ஆகும் என்று 2008இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2016இல் நார்வே நுகர்வோர் அமைப்பு, ஒரு சராசரிக் கைப்பேசியில் இருக்கக்கூடிய முப்பத்து மூன்று செயலிகளின் விதிமுறைகளை ஆட்களை வைத்து நேரலையில் உரக்கப் படிக்கச் செய்தது. முடிக்க ஏறத்தாழ 32 மணி நேரம் ஆனது.

அதனால் யாரும் படிப்பதில்லை. 2005இல் பிசி பிட்ஸ்டாப் என்ற நிறுவனம் தன் ஒப்பந்தத்துக்குள்ளேயே, இந்த முகவரிக்கு எழுதினால் பணம் தருவோம் என்று ஒரு வரியைச் சேர்த்து வைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்களுக்குப் பிறகு, நான்கு மாதம் கழித்து ஒருவர் எழுதினார்; அவருக்கு ஆயிரம் டாலர் கிடைத்தது. பின்னொரு ஆய்வில், இல்லாத ஒரு சமூக வலைதளத்தை உருவாக்கி, அதன் விதிமுறைகளுக்குள் தலைப்பிள்ளையை நிறுவனத்துக்குத் தந்துவிட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 543 மாணவர்களில் 98 விழுக்காட்டினர் அதைக் கவனிக்கவில்லை.

இந்தக் கதைகளை மக்களின் சோம்பலுக்குச் சான்றாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யாராலும் படிக்க முடியாதபடி எழுதிவிட்டு, படிக்கவில்லை என்று படிப்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் இழப்பு நம் தலையில்தான் விழுகிறது. ஆகவே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் முறையைக் கைவிட்டு, கேள்விகளோடு உள்ளே போய் விடை இருக்கும் இடத்தை மட்டும் படிக்கும் முறைக்கு வர வேண்டும். உலாவியில் பக்கத்துக்குள் தேடும் வசதி இதற்குப் போதும். பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கில மூலமே செல்லும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். ஆகவே முக்கியமான இடங்களை மூலத்திலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கீழே வரும் ஆங்கிலச் சொற்களை ஒலியோடு நினைவில் வைத்துக்கொண்டால், பார்த்த உடனே பிடிபடும்.

நீங்கள் கொடுப்பது என்ன?

பலரும் தங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் தேடுவார்கள். நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். நீங்கள் எழுதுவது, எடுக்கும் படம், பேசும் குரல் இவற்றின் மீது நிறுவனத்துக்கு நீங்கள் ஓர் உரிமம் தருகிறீர்கள். ஆம், இங்கே உரிமம் தருபவர் நீங்கள். ‘யுவர் கன்டென்ட்’ அல்லது ‘யூசர் கன்டென்ட்’ என்ற தலைப்பில் அது இருக்கும். “உங்கள் படைப்பு உங்களுக்கே சொந்தம்” என்று இதமாகத் தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் ஒரு நீண்ட சொற்கோவை வரும். அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘நான் எக்ஸ்க்ளூசிவ்’ என்றால் அவர்களுக்கு மட்டும் என்று இல்லை, நீங்கள் வேறு யாருக்கும் தரலாம். நமக்குச் சாதகமான சொல். ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் பயன்படுத்துவதற்குக் காசு தரமாட்டார்கள். ‘சப்லைசென்ஸபிள்’ என்றால் உங்களிடமிருந்து பெற்ற அனுமதியை மூன்றாவது ஆளுக்கும் தரலாம். ‘டிரான்ஸ்ஃபரபிள்’ என்றால் நிறுவனம் கைமாறும்போது உங்கள் அனுமதியும் சேர்ந்து கைமாறலாம். ‘டெரிவேட்டிவ் வொர்க்ஸ்’ என்றால் உங்கள் படைப்பை மாற்றி வேறொன்றாக ஆக்கலாம். கடைசியாக இரண்டு சொற்கள்: ‘பர்பெச்சுவல்’, காலவரையற்றது, ‘இர்ரெவோக்கபிள்’, கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது.

இவை எல்லாமே சூழ்ச்சி என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் படத்தை இன்னொரு நாட்டில் இருக்கும் நண்பருக்குக் காட்ட, பல நாடுகளில் இருக்கும் சர்வர்களில் நகல் வைக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசித் திரைக்கு ஏற்பச் சிறிதாக்கினால் அதுவும் மாற்றியமைப்பதுதான். வேகமாகக் கொண்டுசேர்க்க வேறொரு நிறுவனத்தின் கட்டமைப்பைப் பயன்படுத்தினால் மூன்றாவது ஆளுக்கு அனுமதி தேவை. இந்தச் சொற்கள் இல்லாமல் ஒரு படப் பகிர்வுச் செயலி இயங்க முடியாது.

ஆகவே சொற்கள் இருக்கின்றனவா என்பதைவிட, அவற்றுக்கு வேலி இருக்கிறதா என்று பாருங்கள். “சேவையை வழங்குவதற்காக மட்டும்” என்று நோக்கத்துக்கு ஒரு வரம்பு இருந்தால் ஆறுதல். “நீங்கள் நீக்கும்போது இந்த உரிமம் முடிவுக்கு வரும்” என்று காலத்துக்கு ஒரு வரம்பு இருந்தால் இன்னும் ஆறுதல். இரண்டும் இல்லாமல் பர்பெச்சுவலும் இர்ரெவோக்கபிளும் சேர்ந்து நின்றால், என் கையெழுத்துப் பிரதியை அங்கே ஏற்ற மாட்டேன். எழுத்து, இசை, ஓவியம் என்று படைப்பை நம்பி வாழ்பவர்கள் இந்த ஒரு பத்தியையாவது ஒவ்வொரு முறையும் படித்தே ஆக வேண்டும்.

2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் வெளியிட்ட புதிய விதிமுறைகளில், பயனர்களின் படங்களை விளம்பரத்தில் பயன்படுத்தலாம், அவர்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று பொருள்படும் வரிகள் இருந்தன. படித்தவர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் விளம்பரம் பற்றிய பழைய வாசகத்துக்குத் திரும்பியது. 2023இல் ஜூம் செயலியில் நடந்தது இன்னும் பாடம் தருவது. அந்த ஆண்டு மார்ச்சில் மாற்றிய விதிமுறைகளில், செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பது பற்றிய பரந்த வாசகம் இருந்ததை ஆகஸ்டில்தான் மக்கள் கவனித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், ஒலி, காணொளி, உரையாடல்களை அப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிச் சேர்த்தார்கள். யாரோ சிலர் உட்கார்ந்து படித்ததால் நடந்த மாற்றங்கள் இவை. இப்போதெல்லாம் எந்தச் சேவையானாலும் ‘டிரெயின்’ (பயிற்றுவித்தல்), ‘மெஷின் லேர்னிங்’ (இயந்திரக் கற்றல்), ‘இம்ப்ரூவ் அவர் சர்வீசஸ்’ (எங்கள் சேவைகளை மேம்படுத்த) ஆகிய மூன்றையும் நான் தேடிப் பார்க்கிறேன். மூன்றாவது சொற்றொடர் பார்க்கச் சாதுவாக இருக்கும். அதற்குள் எதையும் அடக்கலாம்.

இலவசம் யாருக்கு?

இனி உங்களுக்குக் கிடைப்பது. ‘லைசென்ஸ் கிராண்ட்’ என்ற பகுதியில் எத்தனை கருவி, எத்தனை பேர், எந்த நோக்கம் என்று இருக்கும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ‘பர்சனல் யூஸ்’, ‘நான் கமர்ஷியல்’ என்ற சொற்கள்: சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், வணிகத்துக்கு அல்ல என்று பொருள். இறக்கிக்கொள்ள இலவசமாக இருப்பதால், அலுவலகத்திலும் இலவசம் என்று ஆகிவிடாது. நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்டில் தன் விதியை மாற்றியது: 250 பேருக்குக் குறைவான ஊழியர்களும் ஒரு கோடி டாலருக்குக் குறைவான ஆண்டு வருவாயும் உள்ள நிறுவனங்களுக்கு இலவசம், அதற்கு மேற்பட்டவர்கள் சந்தா கட்ட வேண்டும். மென்பொருள் ஒன்றுதான், கணினியும் அதேதான். பயன்படுத்துபவர் யார் என்பதில்தான் விதி மாறுகிறது. வீட்டுக் கணினியில் பொழுதுபோக்காக நிறுவிய எழுத்துருவை வைத்து வாடிக்கையாளருக்கு அட்டை வடிவமைத்துத் தந்தால் அதே சிக்கல்தான்.

கட்டணச் சேவையில் ‘ஆட்டோ ரினியூ’ என்று தேடுங்கள், சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுவது அது. எத்தனை நாள் முன்பாக நிறுத்தச் சொல்ல வேண்டும், எங்கே போய் நிறுத்த வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும், மேலே நகரலாம்.

கதவு சாத்தப்படும் நாள்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு இணைய சேவையில் என் வாசிப்புக் குறிப்புகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். இலவசக் கணக்கு. வீட்டில் ஒரு நெடிய நோய்க்காலம் வந்தது; ஓராண்டுக்கும் மேல் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்தபோது கணக்கு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. கோபத்தோடு விதிமுறைகளைத் திறந்தேன். பன்னிரண்டு மாதம் உள்நுழையாத இலவசக் கணக்குகளில் இருப்பவற்றை நீக்கலாம் என்று ஒரே ஒரு வாக்கியம். சேர்ந்த நாளிலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது. அந்தக் குறிப்புகளில் என் அப்பாவோடு பேசி எழுதியவையும் இருந்தன. அவை போனது இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து எந்தச் சேவையிலும், கணக்கை முடிப்பது பற்றிய ‘டெர்மினேஷன்’ என்ற பகுதியைப் படிக்காமல் ஒரு வரிகூட சேமிப்பதில்லை.

அங்கே நான் தேடுவது: காரணம் சொல்லாமலே கணக்கை முடக்க முடியுமா, முடக்கினால் முன்னறிவிப்பு உண்டா, என் கோப்புகளை எடுத்துக்கொள்ள எத்தனை நாள் தருகிறார்கள், பயன்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும். ‘அட் அவர் சோல் டிஸ்க்ரிஷன்’ என்ற தொடர் தென்பட்டால் “எங்கள் விருப்பப்படி, யாரிடமும் விளக்கம் சொல்லாமல்” என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டியது, விதிகளையே மாற்றும் விதி. எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், தொடர்ந்து பயன்படுத்தினால் ஒப்புக்கொண்டதாகப் பொருள் என்பது ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. வித்தியாசம், எப்படித் தெரிவிப்பார்கள் என்பதில். மின்னஞ்சல் அனுப்புவோம் என்பதற்கும், பக்கத்தில் தேதியை மாற்றி வைப்போம், நீங்கள்தான் அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும் என்பதற்கும் நிறைய தூரம். 2007இல் ஒரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், தொலைபேசிச் சேவை நிறுவனம் ஒன்று தன் இணையதளத்தில் மட்டும் ஒப்பந்தத்தை மாற்றி வைத்துவிட்டு வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் இருந்தால் அந்த மாற்றம் அவரைக் கட்டாது என்றது. ஒவ்வொரு மாதமும் போய் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் கடமையில்லை.

2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், தன் கருவியால் செய்த விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளையும் அது தொட்டது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் பழைய விதிகளிலேயே தொடரலாம் என்று முன்பு ஒரு வாசகம் இருந்ததை விளையாட்டு உருவாக்குநர்கள் பழைய பிரதிகளைத் தோண்டியெடுத்துக் காட்டினார்கள். நிறுவனம் முதலில் பின்வாங்கியது, 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே கைவிட்டது. பழைய பிரதி கையில் இருந்ததால் அவர்களால் வாதாட முடிந்தது.

இழப்பு யாருக்கு?

ஆங்கில ஒப்பந்தங்களில் ஒரு பகுதி மட்டும் முழுக்கப் பெரிய எழுத்துகளில் கத்துவது போல இருக்கும். கண் தானாகவே அதைத் தாண்டிப் போய்விடும். காரணம் தெரிந்தால் தாண்ட மாட்டீர்கள். உத்தரவாதத்தை மறுக்கும் வாசகம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆகவே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். உங்கள் கவனத்துக்கு வர வேண்டும் என்று சட்டம் வற்புறுத்திய பகுதி அதுதான்.

அதில் இரண்டு செய்திகள் இருக்கும். ‘ஆஸ் ஈஸ்’ என்பது முதலாவது: இருப்பதை இருக்கிறபடியே தருகிறோம், இது சரியாக ஓடும் என்று வாக்குத் தரவில்லை. ‘லிமிடேஷன் ஆஃப் லயபிலிட்டி’ இரண்டாவது: எங்களால் உங்களுக்கு இழப்பு வந்தாலும், அதிகபட்சம் இவ்வளவுதான் தருவோம். அந்த வரம்பு பெரும்பாலும் கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் கட்டிய தொகை. இலவசமாகப் பயன்படுத்துபவர் கட்டிய தொகை எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். தொழிலின் கணக்கேடு முழுவதையும் ஒரு சேவையில் வைத்திருப்பவர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைப்பது நல்லது.

வழக்கு வந்தால் எங்கே, எப்படி என்பது கடைசிப் பக்கங்களில் இருக்கும். ‘ஆர்பிட்ரேஷன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் முன் தீர்த்துக்கொள்வது அது. ‘கிளாஸ் ஆக்‌ஷன் வெய்வர்’ இருந்தால், பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து வழக்குப் போடும் வழியையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். அமெரிக்காவில் டிஸ்னி வளாகத்து உணவகம் ஒன்றில் சாப்பிட்ட பெண் ஒவ்வாமையால் இறந்ததாக அவருடைய கணவர் வழக்குத் தொடுத்தார். அவர் 2019இல் டிஸ்னியின் படச் சேவையைச் சோதனையாகப் பயன்படுத்தியபோது ஒப்புக்கொண்ட விதிமுறைகளில் நடுவர் தீர்ப்பு விதி இருப்பதால், இந்த வழக்கும் நடுவரிடமே போக வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. கடும் கண்டனத்துக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றம் அதை ஏற்றிருக்குமா என்பது முடிவாகவே இல்லை. ஆனால் ஒரு டிக் எவ்வளவு தூரம் நீட்டப்படலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சில ஒப்பந்தங்களில், சேர்ந்த 30 நாட்களுக்குள் எழுதி அனுப்பினால் இந்த விதியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று ‘ஆப்ட் அவுட்’ வசதி இருக்கும். இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சட்ட மொழியில் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களும் சின்னச் சொற்களும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. ‘மே’ என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். ‘ஷல்’, ‘வில்’ என்றால் செய்தாக வேண்டும். நிறுவனத்தின் கடமைகளில் மே அதிகமாகவும், உங்கள் கடமைகளில் ஷல் அதிகமாகவும் இருந்தால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ வந்தால் நின்று படியுங்கள்: மற்ற விதிகள் என்ன சொன்னாலும் இதுவே செல்லும் என்று பொருள். ‘இன்க்ளூடிங் பட் நாட் லிமிடெட் டு’ என்று தொடங்கும் பட்டியல் எவ்வளவு நீளமானாலும் முழுமையானதல்ல. ‘அஃபிலியேட்ஸ்’, அதாவது நிறுவனத்தோடு தொடர்புடைய பிற நிறுவனங்கள், யார் யார் என்பது வரையறைப் பகுதியில் இருக்கும். உங்கள் தகவல் ஒரு நிறுவனத்துக்குப் போகிறதா, ஒரு குடும்பத்துக்கே போகிறதா என்பது அங்கே தெரியும்.

சிலவற்றைத் தயங்காமல் தாண்டலாம். ஒரு விதி செல்லாமல் போனாலும் மற்றவை செல்லும், தலைப்புகள் வசதிக்காக மட்டுமே என்பன போன்றவை எங்கும் ஒரே மாதிரி இருக்கும். ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றிய பத்தியும் அப்படித்தான். ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஒப்பந்தத்தில் அணு ஆயுதம் செய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியைப் பார்த்துப் பலரும் வியந்திருக்கிறார்கள். ஏற்றுமதிச் சட்டத்தின் நிழல் அது, உங்களைச் சந்தேகப்படவில்லை.

திறமூலம் என்றால் விதியே இல்லையா?

மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து தருவது திறமூலம். அதற்கும் விதி இருக்கிறது, ஆனால் படிக்க எளிது. எம்ஐடி உரிமம் இருநூறு ஆங்கிலச் சொற்களைக்கூடத் தொடாது. எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்து, பதிப்புரிமைக் குறிப்பை எடுக்காதே, உத்தரவாதம் கேட்காதே: அவ்வளவுதான். ஒப்பந்தம் படிக்கப் பழகுபவர்கள் இதில் தொடங்கலாம். ஜிபிஎல் என்ற இன்னொரு திறமூல உரிமம் கொஞ்சம் நீளம். 1991இல் வந்த இரண்டாம் பதிப்பும் 2007இல் வந்த மூன்றாம் பதிப்பும் பரவலாக உள்ளன. நீங்களே பயன்படுத்தும்வரை அது எதுவும் கேட்பதில்லை. மாற்றியமைத்து மற்றவருக்குக் கொடுக்கும்போது, மூல நிரலையும் அதே சுதந்திரத்தோடு கொடுக்கச் சொல்கிறது. இலவசமாகத் தந்தவர் வைத்த நிபந்தனையை யார் கேட்கப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2008இல் மாதிரி ரயில் ஓட்டும் மென்பொருள் ஒன்றைப் பற்றிய வழக்கில், திறமூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறினால் பதிப்புரிமை மீறலாகவே பார்க்கலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒப்பந்தத்துக்கு மேலே சட்டம்

எழுதியிருப்பதால் மட்டும் எல்லாமே செல்லாது. நுகர்வோருக்குக் கடும் பாதகமான நியாயமற்ற விதிகள் அவரைக் கட்டாது என்று 1993லேயே ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் அதன் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, தகவலைத் தெளிவான எளிய மொழியில் சொல்ல வேண்டும், ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு விதமாகப் பொருள்படும் வரியை, எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்ற பழைய நெறியும் பல நாட்டு நீதிமன்றங்களில் உண்டு. “விதிமுறையில் இருக்கிறதே” என்று உதவி மையத்தில் சொன்னால் உடனே ஒதுங்கிவிடாதீர்கள்.

உதவிக்கு ஆட்களும் இருக்கிறார்கள். 2012இல் தொடங்கிய ‘டெர்ம்ஸ் ஆஃப் சர்வீஸ், டின்ட் ரீட்’ என்ற தன்னார்வத் திட்டம், பெரிய சேவைகளின் விதிமுறைகளைப் படித்து ஏ முதல் இ வரை தரம் போட்டு வைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் சுருக்கித் தரச் சொல்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது. எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அது நல்லது. படிப்பதை அதனிடம் விட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. சுருக்கும்போது முதலில் உதிர்வது ‘எக்செப்ட்’, ‘அன்லெஸ்’ போன்ற விதிவிலக்குச் சொற்கள். உங்கள் நிலைமை அந்த விதிவிலக்குக்குள் இருக்கலாம்.

முக்கியமான சேவை என்றால், சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தைப் பிடிஎஃபாகச் சேமித்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு வையுங்கள். ஒருநாள் “எங்கள் விதிமுறைகளைப் புதுப்பித்திருக்கிறோம்” என்று மின்னஞ்சல் வரும். அதை நீக்கிவிடாமல், புதிய விதிகள் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வருகின்றன என்று பாருங்கள். சேமித்து வைத்த கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட, கோப்புகளை வெளியே எடுக்க, தேவையென்றால் கணக்கை மூட உங்களுக்கு இருக்கும் அவகாசம் அந்தத் தேதி வரைக்கும்தான்.